ஆபீஸ் செலவிலேயே கருவி வாங்குவது எப்படி: பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு

உடல் குறைபாடோ நீண்ட நாள் உடல்நலப் பிரச்சினையோ உள்ளவருக்கு வேலைக்குத் தேவைப்படும் சிறப்புக் கருவிக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் திட்டம் பிரிட்டனில் உண்டு. ஆக்சஸ் டு வொர்க் என்று பெயர். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அதைப் பற்றிச் சொல்லியிருப்பார், உடனே இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்து விதான சவுதா பக்கம் அலைய வேண்டாம். தனியார் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவரின் மேசைக்கு வந்து சேரும்படி அப்படியொரு நிதி இந்தியாவில் இல்லை. இங்கே முதல் பணப்பெட்டி உங்கள் கம்பெனியின் பட்ஜெட்தான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது புரிந்துவிட்டால் கேட்கிற விதமே மாறிவிடும். "எனக்கு உடம்பு முடியவில்லை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்டால் நல்ல ஆறுதல் வார்த்தை கிடைக்கும், கருவி கிடைக்காது. எந்த வேலை தடைப்படுகிறது, எந்தப் பொருள் வந்தால் தடை நீங்கும், விலை என்ன, யார் பெயரில் பில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அது ஒரு சாதாரணக் கொள்முதல் கோரிக்கையாகிவிடும். கம்பெனிகள் அன்றாடம் பாஸ் பண்ணுகிற சமாச்சாரம் அது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டுக் கைக்காசு போட்டு வாங்கிவிட்டு அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்காதீர்கள். முன் அனுமதி இல்லாத பில் என்று ஃபைனான்ஸ் திருப்பி அனுப்பினால் அதோடு கதை முடிந்தது. அப்படியே பாஸ் ஆனாலும், பணமாகச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அதற்கு வரி பிடிக்க வாய்ப்புண்டு. கம்பெனி தன் சொத்தாக வாங்கி அலுவலக வேலைக்காக உங்கள் கையில் கொடுத்தால் அந்தத் தொல்லை கிடையாது.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ரீசனபிள் அக்காமடேஷன் என்று ஒன்று வருகிறது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத பாரமாகாத வரை, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது. எச்ஆருக்கு எழுதும் மெயிலில் இந்தச் சொல்லை அப்படியே போடுங்கள், அவர்களுக்குப் பழகிய சொல். அரசு நிறுவனங்கள் இதைச் செய்தே தீர வேண்டும் என்று 20ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. தனியாருக்கு அவ்வளவு பளிச்சென்று எழுதவில்லைதான். ஆனால் இந்த வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. அதோடு 21ஆம் பிரிவின்படி தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 2017 விதிகளின்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், அந்தக் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருக்க வேண்டும், இந்த விஷயங்களைக் கவனிக்க லயசன் ஆபீசர் ஒருவரையும் நியமித்திருக்க வேண்டும்.

ஆகவே மெயில் எழுதும் முன் இந்தக் கொள்கையைத் தேடிப் பிடியுங்கள். இன்ட்ராநெட்டில் கிடைக்காவிட்டால், கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனியாக இருந்தால், அதன் ஆண்டறிக்கையைத் திறந்து பிஆர்எஸ்ஆர் (கம்பெனியின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை) என்ற பகுதிக்குப் போங்கள். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவு. சம வாய்ப்புக் கொள்கை இருக்கிறதா, இருந்தால் லிங்க் எங்கே என்று அதில் ஒரு கேள்வியே உண்டு. முதலீட்டாளர்களிடம் "இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடம் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே" என்று எச்ஆர் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தை மெயிலில் இணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் சட்டப்பிரிவை மேற்கோள் காட்டுவதைவிட இது வேகமாக வேலை செய்கிறது, கம்பெனிக்காரர்கள் தங்கள் கையெழுத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

"40 சதவீதச் சான்றிதழ் இருந்தால்தான் கேட்க முடியும்" என்ற பேச்சு எல்லா ஆபீசிலும் சுற்றுகிறது. குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்று அரசு தரும் சான்று அது. இட ஒதுக்கீடு, வருமான வரிக் கழிவு, அரசு உதவித் திட்டங்கள் ஆகியவற்றுக்கு 40 சதவீதம் முக்கியம். ரீசனபிள் அக்காமடேஷனுக்கு அந்த அளவுகோல் கிடையாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விகாஷ் குமார் வழக்கு என்று எச்ஆரின் சட்டப் பிரிவுக்குச் சொன்னாலே போதும்.

சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன. பார்வை, செவி, கை கால் குறைபாடுகள் மட்டுமில்லை, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், தலசீமியா, மனநோய், கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு. முதுகுத் தண்டில் டிஸ்க் விலகல், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், ஒற்றைத் தலைவலி மாதிரியானவை அதில் பெயரோடு இல்லை. அவை இருப்பவர்கள் சட்டத்தைக் கையில் எடுப்பதைவிட எர்கனாமிக்ஸ் (உடம்புக்கு ஏற்ற இருக்கை, மேசை அமைப்பு) வழியில் போவது நல்லது. பெரும்பாலான ஐடி கம்பெனிகளில் ஃபெசிலிட்டீஸ் டீமிடமோ பாதுகாப்புப் பிரிவிடமோ இதற்கென்றே தனி பட்ஜெட் இருக்கும். நாற்காலி, கால்பலகை, மானிட்டர் ஆர்ம், உயரம் மாற்றும் மேசை எல்லாம் அங்கிருந்தே கிடைத்துவிடும், எச்ஆர் வரைக்கும் போக வேண்டிய தேவையே வராது.

டாக்டர் சீட்டில் என்ன இருக்க வேண்டும்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் நோயின் பெயரை எழுதி, ஓய்வு தேவை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதை வைத்துக்கொண்டு கம்பெனி லீவுதான் கொடுக்கும், கருவி எப்படிக் கொடுக்கும்? செயலைப் பற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். நமக்குத் தெரிந்த பெண் ஒருவர், சேலத்துக்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் வேலை, முடக்குவாதம். அவருடைய முதல் சீட்டில் நோயின் பெயரும் மாத்திரைப் பெயரும் இருந்தன. இரண்டாவது சீட்டில் இருந்தது இதுதான்: "வலது மணிக்கட்டைத் திருப்பிய நிலையில் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் மவுஸ் பிடிக்கக் கூடாது. மணிக்கட்டு அசையாமல் விரல் நுனியால் இயக்கும் கருவி தேவை. காலை முதல் ஒரு மணி நேரம் விரல்கள் இறுக்கமாக இருக்கும், அந்த நேரம் குரல் வழி டைப்பிங் நல்லது." இரண்டாவது சீட்டைப் படிக்கிற அட்மின் ஆளுக்கு டிராக்பால் மவுஸும் நல்ல ஹெட்செட்டும் வாங்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும். நோயின் பெயர் மேனேஜருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, முழு மருத்துவ ரிப்போர்ட்டை யார் கேட்டாலும் எச்ஆரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, எடுக்க முடிகிறவர்கள் எடுத்துவிடுங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். ஸ்வாவலம்பன் கார்டு தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆதார் முகவரி இன்னும் மதுரையிலோ தர்மபுரியிலோ இருந்தால் அந்த மாவட்டத்திலேயே விண்ணப்பித்து, ஊருக்குப் போகும்போது பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம். கார்டு நாடு முழுக்கச் செல்லும், கர்நாடகக் கார்டு, தமிழ்நாட்டுக் கார்டு என்ற பேதம் கிடையாது.

கோட்டேஷனும் மெயிலும்

கேட்கும் முன் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசம், அதில் தமிழையும் கேட்கலாம். விண்டோஸிலேயே குரலால் இயக்கும் வசதியும், பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் வசதியும் இருக்கின்றன. இவை போதுமென்றால் பணம் தேவையில்லை, ஐடி செக்யூரிட்டியின் அனுமதிதான் தேவை. அது பணத்தைவிடக் கஷ்டம் என்பது வேறு விஷயம். ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை என்றால் இன்னொரு சிக்கல்: உங்கள் லேப்டாப்பில் இருக்கும் வாசிப்பானுக்கு அந்தப் பக்கத்துத் திரை வெறும் படமாகத்தான் தெரியும், சர்வர் பக்கத்திலும் நிறுவ வேண்டியிருக்கும். இதை முதல் மெயிலிலேயே எழுதாவிட்டால் லைசன்ஸ் வாங்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜாஸ் மாதிரி காசு கொடுத்து வாங்கும் திரை வாசிப்பான் ஏன் வேண்டும் என்று கேட்டால், என்விடிஏவில் எந்த அப்ளிகேஷனின் எந்தத் திரை வாசிக்கவில்லை என்று பதிவு செய்து காட்டுங்கள். வாதத்தைவிட அந்த வீடியோ பேசும்.

சின்னப் பொருள்களை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு மாடலை முடிவு செய்யலாம், வெர்டிகல் மவுஸ் எல்லோர் கைக்கும் ஒத்துவராது. பெரிய பொருளென்றால் வெண்டரிடம் டெமோ கேளுங்கள். எது சரிவரும் என்றே தெரியவில்லை என்றால் எனேபிள் இந்தியா மாதிரியான அமைப்பிடம் பேசிப் பாருங்கள், கோரமங்கலாவில் இருக்கிறார்கள், வேலையிடத்தில் என்ன கருவி எப்படிப் பொருந்தும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. சக்கர நாற்காலி, செயற்கைக் கால் விஷயத்துக்கு ஜேபி நகரில் மொபிலிட்டி இந்தியா, லிங்கராஜபுரத்தில் ஏபிடி என்ற தொண்டு அமைப்புகள். அவர்களிடமிருந்து ஒரு பக்க மதிப்பீட்டுக் குறிப்பு கிடைத்தால் டாக்டர் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

கோட்டேஷன் இரண்டு மூன்று வாங்குங்கள், எல்லாமே கம்பெனியின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும். கம்பெனி பெயரில் பில் இருந்தால் கட்டிய ஜிஎஸ்டியை அவர்கள் பெரும்பாலும் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு 40 சதவீதமும், மேசை நாற்காலிக்கு 10 சதவீதமும் தேய்மானம் காட்டலாம். ஃபைனான்ஸ் ஆளுக்கு இது தெரியாததில்லை, ஆனால் உங்கள் மேனேஜருக்குத் தெரியாது. 40,000 ரூபாய் என்றதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அவர் பாக்கெட்டிலிருந்து போவது போல இருக்கும்.

மேனேஜரின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பல கம்பெனிகளில் இந்தச் செலவு அந்த டீமின் காஸ்ட் சென்டரில்தான், அதாவது அவருடைய டீமின் செலவுக் கணக்கில்தான் விழும். ப்ராஜெக்ட் லாபம் குறைந்தால் அவருடைய அப்ரைசலில் அடி. அதனால் மெயிலில் நீங்களே ஒரு வரி சேருங்கள்: "இந்தச் செலவை டீம் பட்ஜெட்டில் வைக்காமல் எச்ஆரின் மையப் பட்ஜெட்டிலோ டைவர்சிட்டி பட்ஜெட்டிலோ வைக்க முடியுமா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அதுவரை தட்டிக்கழித்துக்கொண்டிருந்த மேனேஜர் அந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்காகப் பேச ஆரம்பிப்பார். மெயில் எச்ஆருக்கும் லயசன் ஆபீசருக்கும் போகட்டும், மேனேஜர் சிசியில். போனில் பேசினாலும், பேசியதை அன்றைக்கே நாலு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள். நேரம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். மார்ச்சில் கேட்டால் பட்ஜெட் தீர்ந்துவிட்டது என்பார்கள், அடுத்த ஆண்டு பட்ஜெட் தயாராகும்போதே காதில் போட்டு வையுங்கள்.

பேரோல் ஒரு கம்பெனி, உட்காரும் இடம் இன்னொரு கம்பெனி என்றால்

பெங்களூரில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. சம்பளம் போடும் கம்பெனி "கிளையண்ட் இடத்தில் நாங்கள் பொருள் வைக்க முடியாது" என்னும், கிளையண்ட் "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்னும். எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர், குறைப்பார்வை, பெரிய மானிட்டருக்காக இரண்டு பக்கமும் நடையாய் நடந்து, கடைசி வரை மூக்கு திரையில் உரசுகிற மாதிரி குனிந்தே வேலை பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மெயிலை அனுப்பியிருந்தால் பந்தை உதைத்து விளையாட இடம் இருந்திருக்காது.

முதலாளி என்ற முறையில் பொறுப்பு பேரோல் கம்பெனிக்குத்தான். அதனால் வாங்கித் தரும்படி அவர்களிடம் கேளுங்கள், உள்ளே வைத்துக்கொள்ளவும் தங்கள் சிஸ்டத்தில் இணைக்கவும் அனுமதி தரும்படி கிளையண்டிடம் கேளுங்கள், இரண்டும் ஒரே மெயிலில் இருக்கட்டும். சொந்தப் பொருளையோ பேரோல் கம்பெனியின் பொருளையோ டெக் பார்க்குக்குள் கொண்டுபோகும்போது, அதுவும் எஸ்இசட் (சிறப்புப் பொருளாதார மண்டல) வளாகமாக இருந்தால், சீரியல் நம்பரோடு செக்யூரிட்டியில் பதிந்து கேட் பாஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே எடுத்துவரும் நாளில் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கம்பெனிக்கு வெளியே இருக்கும் பணம்

மத்திய அரசு அலுவலகங்களில் இருப்பவர்களுக்குக் கதை எளிது. பணியாளர் துறை 2014 மார்ச் 31 அன்று வெளியிட்ட குறிப்பாணை, பேட்டரியோடு காது கருவி, சிறப்பு மேசை நாற்காலி, மோட்டார் சக்கர நாற்காலி, மென்பொருள், ஸ்கேனர் எல்லாவற்றையும் துறை வாங்கித் தர வேண்டும் அல்லது செலவைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதன் நகலை வைத்துக் கேளுங்கள். பொதுத்துறை நிறுவனமோ வங்கியோ என்றால் இதையொட்டி அவர்கள் வெளியிட்ட சுற்றறிக்கையை பெர்சனல் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

தனியாரில் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. பொதுவாக மாதச் சம்பளம் 21,000 வரைதான், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. காது கருவி, செயற்கை உறுப்பு, சக்கர நாற்காலி மாதிரி உடம்போடு போகும் கருவிகளை ராஜாஜி நகர், இந்திரா நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகளில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் 1981லிருந்தே நடக்கிறது. மாத வருமானம் 22,500 வரை இருந்தால் கருவி முழு இலவசம், 30,000 வரை என்றால் பாதி. 40 சதவீதச் சான்றும் வருமானச் சான்றும் தேவை. அதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் அந்த வரிசையில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வண்டியை மாற்றியமைப்பது மாதிரி பெரிய செலவென்றால் என்டிஎஃப்டிசி என்ற மத்திய அரசு நிதிக் கழகத்தின் கடன் உண்டு, ஆனால் கடன் கடன்தான், கம்பெனி தர வேண்டியதற்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

இதில் ஒரு பிரிவினையைக் கவனியுங்கள். காதில் மாட்டும் கருவி வீட்டுக்கும் வரும், அதனால் கம்பெனி தயங்கும். அந்தக் கருவிக்கு மீட்டிங் ஹாலின் பேச்சை நேராக அனுப்பும் மேசை மைக், ஆபீஸிலேயே இருக்கும் பொருள், தயங்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் இரண்டுமே நிற்கும். முதலாவதை இஎஸ்ஐ, அடிப் அல்லது கைக்காசு என்று வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கம்பெனியிடம் கேளுங்கள். மெடிக்ளெய்மை நம்பாதீர்கள், இம்மாதிரி கருவிகள் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

"சிஎஸ்ஆர் நிதியிலிருந்து வாங்கித் தருகிறோம்" என்று எச்ஆர் உற்சாகமாகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தன் ஊழியர்களுக்குப் பயன் தரும் செலவைக் கம்பெனி சிஎஸ்ஆராக, அதாவது சமூக நலச் செலவாகக் காட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. மாதக்கணக்கில் ஃபைல் சுற்றி, கடைசியில் ஆடிட்டர் சிவப்புக் கோடு போடுவார். சாதாரண வணிகச் செலவாகவே போடச் சொல்லுங்கள். வேறொரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக உங்களுக்கு வந்தால் அது வேறு கணக்கு, அதில் பிரச்சினை இல்லை.

வரியில் மிச்சம் பிடிப்பது தனி. மாற்றுத்திறனாளிகளுக்கு 80யூ என்று நாம் அறிந்த வருமான வரிக் கழிவு 40 சதவீதக் குறைபாட்டுக்கு 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். பார்வை, செவி, கை கால் குறைபாடு உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் போக்குவரத்துப் படி என்று கம்பெனி பிரித்துக் கொடுத்தால் ஒரு வரம்பு வரை வரி இல்லை, இது புதிய திட்டத்திலும் உண்டு. பேரோலில் சொல்லாவிட்டால் அவர்களாக ஒருபோதும் பிரிக்க மாட்டார்கள்.

மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. "பாரம் அதிகம்" என்று எழுத வேண்டி வந்தால் 15,000 ரூபாய் கருவிக்கு அதை எழுத எந்த எச்ஆருக்கும் கை வராது, பாதி மறுப்பு அந்த இடத்திலேயே கரைந்துவிடும். அப்படியும் எழுதினால், அதைவிட மலிவான மாற்று ஒன்றை முன்வைத்துப் பதில் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம், அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. சம்மன் அனுப்பவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அபராதத்தை நம்பிப் போகாதீர்கள். முதல் மீறலுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு 10,000 எல்லாம் ஒரு மதிய விருந்துச் செலவு. ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் அது சட்டப் பிரிவின் மேசைக்குப் போகும், அங்கே இருப்பவர்களுக்குக் கருவியின் விலையைவிட அவர்களுடைய நேரத்தின் விலை அதிகம், பேசி முடிக்கப் பார்ப்பார்கள். வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய எல்லோருக்கும் துணிச்சல் வராது, வராததில் தப்பும் இல்லை. ஆனால் மெயில்களை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் ஐடி ஒருநாள் பூட்டப்படும், பிரிண்ட் எடுத்து வீட்டில் இருக்கட்டும்.

கருவி வந்த பிறகு அசெட் டேக் ஒட்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தளம் மாறும்போது உங்கள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். மென்பொருள் லைசன்ஸ் எப்போது முடிகிறது என்று காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது கம்பெனியுடையது. ஆனால் உங்கள் உடம்புக்கென்று அளவெடுத்து வாங்கியது இன்னொருவருக்கு உதவாது, எச்ஆருக்கும் அது தெரியும். தேய்மானம் போக மிச்ச விலைக்கு எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று நோட்டீஸ் பீரியடின் முதல் வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் அசெட் டீமில் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.